அடுப்பேறிய சீர்

அன்று மத்தியானம் சுயம்புலிங்கம் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். தங்கபுஷ்பம் ஊற்றினாள். தட்டில் சோற்றை அணை போலக் கட்டி, ரசம் ஓடிவிடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டார். அவர் சாப்பிடும் சத்தம் அடுத்த போர்ஷன் வரைக்கும் கேட்கும்.

"பெருங்காயம் கூடிப்போச்சோ?"

"கூடினா என்ன, மணமாத்தான இருக்கு."

கையைக் கழுவி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு மாடிப்படி வரை போனவர் திரும்பி, "நம்ம அண்ணாச்சிய செத்த நேரம் வெயில்ல வையி. நேத்து மழைக்கு நமுத்திருப்பாரு" என்றார்.

அண்ணாச்சி என்றது மண்டையோட்டை. மகள் முத்துலட்சுமி அரசு மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்தபோது, சீனியர் பெண் ஒருத்தியிடம் எலும்பு செட்டை அரை விலைக்கு வாங்கி வந்தாள். துணிப்பையிலிருந்து மண்டையோட்டை எடுத்து வைத்ததும் தங்கபுஷ்பம் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுயம்புலிங்கம்தான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல கனமான ஆளா இருந்திருக்காரு. ஊருல யாருக்கு அண்ணாச்சியோ" என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

அவர் கீழே இறங்கிப் போனார். வீட்டுக்கு நேர் கீழே, மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிற ரங்கநாதன் தெருவிலேயே, அவருடைய பாத்திரக்கடை. சாயங்காலம் ஒரு அம்மாள் பழைய பித்தளைக் குடம் கொண்டுவந்து எடைக்குப் போட்டாள். குடத்தைத் தராசில் வைத்தவர், "செத்த இருங்க தாயி" என்று சொல்லிக் கோணி மூட்டையில் சாய்ந்தார். எடைக்கல்லைத் தேடுகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றிருக்கிறாள்.

ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு மார்படைப்பு என்றார். கல்லூரியிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கிய முத்துலட்சுமி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவே இல்லை. மாமா பொன்ராஜ் வந்துதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டில் தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சாம்பார் களிம்படித்தது. வாடகைக்குப் பாத்திரம் விடுகிறவர்கள் கல்யாணத்துக்கென்று ஒரு செட்டும், எழவு வீட்டுக்கென்று ஒரு செட்டும் வைத்திருப்பார்கள். கல்யாணச் செட்டை எழவுக்குத் தரமாட்டார்கள். எழவுச் செட்டுக்கு யாரும் ஈயம் பூசுவதில்லை. புளி பட்டதும் பச்சை கக்கும். ஊருக்கெல்லாம் பாத்திரம் விற்றவரின் கருமாதி, பச்சை கக்கின அண்டாவில் வெந்தது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். பந்தியில் இருந்தவர்கள் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பிறந்த வீட்டுக் கோடி போட்டார்கள். அண்ணன் பொன்ராஜ் பனகல் பார்க் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். தட்டில் கோடிக்கான புதுச் சேலையை வைத்து நீட்டினார். சபையில் கோடியை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. தங்கபுஷ்பம் குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ப் பிரித்தால் மடிப்புக்குள் ஒரு கவர். அதில் இருந்த பணம் கோடிக்கு வைக்கிற பணம் மாதிரி இல்லை, அதிகமாக இருந்தது.

அண்ணன் மனசு என்று நினைத்தாள். தங்கச்சி தனியாகிவிட்டாளே என்று வைத்திருக்கிறார். அந்த வாரமே முத்துலட்சுமிக்கு இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. கடையில் இருந்த ரொக்கமெல்லாம் சரக்குக்காரர்களுக்குப் போய்விட்டது. அவள் அந்தக் கவரை அப்படியே மகள் கையில் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அதுதான்.

அது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. கடையை விற்றுவிடலாம் என்று பொன்ராஜ் சொன்னதைக் கேட்காமல், தங்கபுஷ்பம் தானே கீழே இறங்கிக் கல்லாவில் உட்கார ஆரம்பித்திருந்தாள். அவர்கள் சனத்தில் பெண்கள் கடையில் உட்காருவதில்லை. முதல் வாரம் தெருவே எட்டிப் பார்த்தது. பிறகு அதற்கும் அலுத்துப்போயிற்று.

ஒருநாள் மதினி பேச்சியம்மாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு முத்துலட்சுமி ஸ்டேஷனிலிருந்து வந்து மாடி ஏறினாள். எவர்சில்வர் டம்ளர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "யாருங்க அது, நர்ஸா?" என்று கேட்டாள்.

"நர்ஸா!" பேச்சியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "டாக்டருக்குப் படிக்கா. எங்க மருமவ. நாங்கதான் படிக்க வைக்கோம்."

தங்கபுஷ்பம் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்த அம்மாள் போனதும், "என்ன மதினி அப்படிச் சொல்லிட்டிய?" என்றாள்.

"வேற எப்படிச் சொல்ல? ஒங்க அண்ணன் கோடியோட வச்சுக் குடுத்தாவல்லா? நீயும் வாங்கி ஃபீசு கட்டியாச்சு. தாய்மாமன் பணத்துல புள்ளை படிச்சா அது யாரு வீட்டுப் புள்ளையாம்? வருசம் திரும்பட்டும்னு பாத்தோம். ஒங்க அண்ணன்தான் எம் மவன் இசக்கிமுத்துக்குத் தையிலயே பரிசம் போட்டு வச்சிருவோம்னு சொல்லுதாவ."

"நான் கோடின்னுல்லா மதினி வாங்குனேன்."

"கோடிக்கு யாரு அவ்வளவு வைப்பா? நீ என்ன, நேத்துப் பொறந்தவளா?"

சாயங்காலம் தங்கபுஷ்பம் அதை மகளிடம் சொன்னாள். முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிப் புத்தகத்தில் முந்தின பெண் சிவப்பு மையில் கோடு போட்டிருந்ததை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான் நல்லவங்கதான்ம்மா" என்றாள். "அது வேற. ஆனா கடனுக்குப் பதிலா என்னைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. படிச்சு முடிச்சு நான் ஒரு ஊசி போட்டாக்கூட, அது மாமா பணத்துல போட்டதுன்னு அத்தை சொல்லுவாங்க. சாகுற வரைக்கும் சொல்லுவாங்க."

"சொல்லத்தான் செய்வா."

"திருப்பிக் குடுத்துரலாம்."

"கோடியைத் திருப்பப்படாது, முத்து."

"அப்ப அதைக் கடன்னு சொல்லித் திருப்புங்க."

மறுநாள் தங்கபுஷ்பம் அண்ணன் கடைக்கே போய், "அந்தப் பணத்தக் கடன்னு வச்சுக்கிடுங்கண்ணே. கொஞ்சங் கொஞ்சமாத் தந்துருதேன்" என்றாள். பொன்ராஜ் ஒரு சட்டைத் துணியை அளந்துகொண்டே சிரித்தார். "அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னட்டி கடன்? போ, போயிக் காப்பி குடிச்சிட்டுப் போ." அவர் சிரித்ததில் கள்ளம் ஒன்றும் இல்லை. அவள் காப்பியைக் குடித்துவிட்டு வந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரங்கநாதன் தெருவில் கணுக்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யாரும் பாத்திரம் வாங்க வரமாட்டார்கள். குடையோடு வந்தவர் ஸ்ரீரங்கன் ஒருவர்தான். மயிலாப்பூர்க் கல்யாணச் சமையல்காரர். சுயம்புலிங்கத்திடம் பல வருஷமாகக் கரண்டியும் ஜல்லடையும் வாங்குகிறவர். படியில் நின்று வேட்டியைப் பிழிந்தார்.

"அண்டா என்ன விலைம்மா, பெரிசு?"

சொன்னாள்.

"பெருமாளே! அதை வாங்கினா கல்யாணமே எங்காத்துலதான் பண்ணணும். ரெண்டு நாள் வேலைக்கு அண்டா வாங்கி நான் எங்க வெச்சுப்பேன்? நானே திண்டாடிண்டு ஒரு ரூம்ல இருக்கேன்."

"வழக்கமா வாடகைக்குத்தான எடுப்பிய?"

"எடுக்கறேன். அடி நசுங்கி, நிக்க வெச்சா தள்ளாடறது. நாலு தவலை கேட்டா ரெண்டு அனுப்பறான். ஈயம் போன இடமெல்லாம் பல்லை இளிச்சிண்டிருக்கு. பொண்ணாத்துக்காரா சமையக்கட்டுல வந்து எட்டிப் பாக்கறா. எனக்கு மானம் போறது."

தங்கபுஷ்பம் மாடியைப் பார்த்தாள்.

மேலே பரணிலும், கட்டிலடியிலும், அடுக்களை மூலையிலும் முத்துலட்சுமியின் சீர்ப் பாத்திரம் இருந்தது. பெண் பிறந்த நாளிலிருந்து, சரக்கு வரும்போதெல்லாம் நல்லதாக ஒன்றை எடுத்துத் தனியாக வைப்பது சுயம்புலிங்கத்தின் பழக்கம். அண்டா, தவலை, சருவம், போணி, வாளி என்று ஒரு கல்யாணத்துக்கே சமைக்கலாம். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரே உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாக 'சு. முத்துலட்சுமி' என்று வெட்டியிருந்தார். சீர்ப் பாத்திரம் அடுப்பேறாமல்தான் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஈயம்கூடப் பூசமாட்டார்கள். ஈயம் பூசினால் அது புழங்கின பாத்திரம்.

"எப்ப வேணும்?" என்று கேட்டாள்.

அடுத்த வெயில் நாளில் ஈயம் பூசுகிறவர் வந்து, ஸ்டேஷன் சந்தில் துருத்தி வைத்து ஊதினார். முதல் அண்டா நெருப்பில் சூடேறி, நவச்சாரப் புகை எழுந்து, பழைய துணியால் அவர் ஒரு சுற்றுச் சுற்றியதும் உட்புறம் வெள்ளையாக விரிந்தது. தங்கபுஷ்பம் பக்கத்திலேயே நின்றாள். முத்துலட்சுமிக்கு அன்று கல்லூரி உண்டு. வேண்டுமென்றேதான் அவள் இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்த முத்துலட்சுமி, அண்டாவுக்குள் தலையை விட்டு, "என் பேரு உள்ளே இருந்து பாத்தா தலைகீழாத் தெரியுதும்மா" என்றாள்.

பாத்திரம் தேய்க்கப் பட்டினப்பாக்கத்திலிருந்து தேவானை வந்தாள். மீன் விற்றுக்கொண்டிருந்தவள். புருஷன் கடலுக்குப் போவதை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு கிடைத்த வேலைக்கெல்லாம் போகிறவள். புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தால் முகம் தெரியும்.

"இன்னாமா இது, எல்லாத்துலயும் பாப்பா பேரு கீது? காணாப்பூடும்னா?"

"காணாமப் போவாதுல்லா, அதுக்குத்தான்."

"அத்தச் சொல்லு. பேரு போட்டா எவன் தூக்கினு போவான்? என் ஊட்டுக்காரனுக்கும் ஒரு பேரு வெட்டி வுடணும்."

அப்படித்தான் அந்தப் பாத்திரங்கள் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மயிலாப்பூருக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் போய்வந்தன. ஒரு கரண்டி குறைந்ததில்லை. வாடகைப் பணத்தைத் தங்கபுஷ்பம் தொடவில்லை. ஒரு மூடி போட்ட தூக்குவாளியில் சேர்த்தாள். அண்ணனுடைய கவரில் இருந்த அளவு அந்தத் தூக்கில் சேர்ந்துவிட்டால், தை பிறக்குமுன் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்துவிடுவாள். அவர் சிரித்தாலும் காப்பி குடிக்காமல் வந்துவிடுவாள்.

பாத்திரங்களைக் கொண்டுபோக வண்டிக்காரனோடு கூடப் போகிறவன் இசக்கிமுத்து. பொன்ராஜின் மகன், முத்துலட்சுமிக்கு முறை மாப்பிள்ளை. அப்பா கடையில் துணி கிழிக்கிற நேரம் போக மீதி நேரம் கோடம்பாக்கத்து ஸ்டுடியோ வாசல்களில் நிற்பான்.

"நேத்து ஒரு காரு கண்ணாடி தொறந்துது அத்தை. இவ்வளவு கிட்டத்துல பாத்தேன்."

"யாருல?"

"டிரைவரு."

மாடியில் வந்து உட்கார்ந்தால் மண்டையோட்டைத்தான் முதலில் விசாரிப்பான். "அண்ணாச்சி நல்லா இருக்கேளா? ஏ முத்து, இவரு ஆம்பளைதான்னு எப்படிச் சொல்லுத?"

"புருவத்து எலும்பு மேடா இருக்குல்லா. பொம்பளைக்கு இப்படி இருக்காது."

"நான் வாயத் தொறக்காம இருக்காரேன்னு பாத்தேன். கல்யாணம் ஆன ஆம்பளைன்னு அதுலேயே தெரிஞ்சிபோச்சு."

முத்துலட்சுமி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தாள். இசக்கிமுத்து அதைக் கவனித்தான். பரிசப் பேச்சு வந்த பிறகு அவள் அவன் முன்னால் சிரித்ததெல்லாம் பாதியில் நின்றது. முன்னே அப்படி இல்லை.

மார்கழி பிறந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள் வீடெங்கும் கிடந்தன. நடக்கும்போது காலில் இடித்தது. தூக்கில் இருந்த பணம் அண்ணன் கவருக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்திருந்தது. அப்போதுதான் முத்துலட்சுமி கல்லூரியிலிருந்து வந்து, பரீட்சைப் பணமும் மிச்ச ஃபீஸும் பொங்கலுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்றாள்.

தூக்கில் இருந்தது இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். அண்ணனுக்குக் கொடுத்தால் ஃபீஸ் இல்லை. ஃபீஸ் கட்டினால், தையில் தாம்பாளத்தோடு வருகிறவர்களை வேண்டாமென்று சொல்ல வாய் இல்லை.

பொன்ராஜுக்கு எப்படியோ விஷயம் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவள் வைத்த மோரைக் குடித்துவிட்டு, "நீ ஏம்ட்டி மருகுத? நான் கட்டுதேன். முடிக்க வரைக்கும் நானே கட்டுதேன். தை மூணாந்தேதி நல்ல நாளா இருக்கு. பூ மட்டும் வச்சிக்கிடுவோம். கல்யாணம் அவ படிச்சி முடிச்ச பொறவு" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுதேண்ணே."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மச்சான் இருந்தா இன்னேரம் சரின்னிருப்பாரு."

மச்சான் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்று தங்கபுஷ்பம் நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீரங்கன் வந்தார். எப்போதும் கடைக்குள் ஏறி வருகிறவர் வாசலிலேயே நின்றார்.

"கேக்கப்படாதுதான். ஆனா வேற கதி இல்லை. மந்தைவெளியில ஒரு ஆத்துல பள்ளிக்கூட வாத்தியார். தவறிப் போயிட்டார். நாளன்னிக்குப் பதிமூணாம் நாள். சுபம்னு பேரு, சாப்பாடு போடணுமோல்லியோ? வாடகைக்கு வந்த பாத்திரத்தைப் பாத்துட்டு வந்தேன். பச்சைப் பசேல்னு இருக்கு. அந்த மாமி என்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'இதோ பாருங்கோ, அவருக்குச் சாப்பாடு நன்னா இருக்கணும், குத்தம் சொல்லிண்டே சாப்பிடுவார்' அப்படின்னா. நான் என்ன பண்ணுவேன்?"

தங்கபுஷ்பம் தெருவைப் பார்த்தாள்.

"இது எம் பொண்ணு சீரு, சாமி."

"தெரியும்மா. கல்யாணப் பாத்திரத்தை யாரும் தரமாட்டா. நீங்களும் மாட்டேன்னா அதுல தப்பே இல்லை. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." குடையை எடுத்துக்கொண்டார்.

"இருங்க."

அவள் நாக்கில் பதினாறாம் நாள் சாம்பாரின் களிம்பு ஊறியது.

"எத்தனை பேருக்குச் சமையல்?" என்றாள்.

அன்று சாயங்காலம் இசக்கிமுத்து வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். "ஒங்க அம்மைக்குத் தெரியவேண்டாம்ல. விடியுமுன்ன போயிட்டு, தேச்சு எடுத்துட்டு வந்துருவோம்."

இசக்கிமுத்து அண்ணாச்சியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு கேட்டான்.

"எழவு வீட்டுக்குப் போன சீரு எங்க வீட்டுக்குள்ள வரலாமா அத்தை?"

"ஒங்க அம்மை விடமாட்டா. அதான் சொல்லுதேன், தெரியவேண்டாம்னு."

"சரி, நான் பாத்துக்கிடுதேன். வண்டிக்காரன் வேண்டாம். நானே தள்ளிட்டுப் போறேன்."

முத்துலட்சுமி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மண்டையோட்டை மெதுவாக அதன் இடத்தில் வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

விடியுமுன் வருகிறேன் என்றவன் நன்றாக விடிந்து, கடைகள் திறந்து, ரயிலுக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்ட பிறகுதான் கைவண்டியோடு வந்தான். தங்கபுஷ்பம் திட்டினாள். "தூங்கிட்டேன் அத்தை" என்றான். தேவானையும் அவனுமாக அண்டாக்களைக் கவிழ்த்து அடுக்கிக் கயிறு போட்டார்கள். கோணி போட்டு மூடச் சொன்னாள். "மூடுனா மூச்சு முட்டும்" என்று சொல்லி அவன் கோணியைச் சுருட்டிக் கடைக்குள் எறிந்தான். வெயிலில் பித்தளை கண்ணைப் பறித்தது.

தங்கபுஷ்பமும் தேவானையும் உஸ்மான் ரோடு முனை வரைக்கும் பின்னாலேயே போனார்கள். மந்தைவெளிக்கு அங்கே வலது கையில், தெற்கே திரும்ப வேண்டும். இசக்கிமுத்து வண்டியை நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பி பனகல் பார்க்கைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனான்.

"இன்னாமா, அந்தத் தம்பி இந்தாண்ட போவாம அந்தாண்ட போவுது?" என்றாள் தேவானை. "வழி தெரியாதா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

"தெரியும்" என்றாள்.

மத்தியானத்துக்குள் பேச்சியம்மாள் வந்துவிட்டாள். கடைப்படி ஏறவில்லை. தெருவில் நின்றே பேசினாள். பின்னால் பொன்ராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கலே போறன்னு கேக்கேன். மந்தைவெளி எழவு வீட்டுக்கும்மா, எல்லாம் முத்து சீருதான்னு, கடை வாசல்ல நின்னு, வந்த சனத்துக்கெல்லாம் கேக்கும்படியாச் சொல்லுதான்! ஏம்ட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பொட்டப்புள்ள சீரை எழவு வீட்டு அடுப்புல ஏத்துவியா?"

"அந்த வீட்டுலயும் ஒருத்தி தாலி அறுத்துட்டு நிக்கா மதினி."

"நின்னா? அவ நிக்கதுக்கு ஒம்மவ பேரை வெட்டுன பாத்திரந்தானா கெடச்சுது? எம் வீட்டுக்குள்ள அதுல ஒரு கரண்டி வரப்படாது."

"பாத்திரம் இல்லாம..." என்று பொன்ராஜ் ஆரம்பித்தார்.

"பாத்திரம் இல்லாம வந்தாலும் பேரு அதுதான? பேரு எழவு வீட்டுக்குப் போயாச்சு. நாளைக்கு எம் பையனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பொணத்த அறுக்கான்னாவ, சரி படிப்புன்னு இருந்தேன். மண்ட ஓட்ட வீட்டுல வச்சிருக்கான்னாவ, அதுக்கும் சரின்னு இருந்தேன். சீரைக் கல்யாண வீட்டு அடுப்புல ஏத்துன, மங்கல காரியந்தானன்னு இருந்தேன். இது ஆவாது. தையும் வேண்டாம், பூவும் வேண்டாம்." முந்தானையை உதறிக்கொண்டு அவள் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். அது அவள் வீட்டுக்குப் போகிற வழி இல்லை. கொஞ்ச தூரம் போய், திரும்பி, கடையைப் பார்க்காமல் எதிர்ச்சாரி வழியாகப் போனாள்.

பொன்ராஜ் நின்றார். பிறகு குடையை மடக்கிவிட்டுக் கடைக்குள் ஏறி, மச்சான் உட்காருகிற இடத்தை விட்டுத் தள்ளி, கோணி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அந்தப் பய வேணும்னுதான் அப்படிப் போயிருக்கான், என்ன?"

தங்கபுஷ்பம் தராசுத் தட்டைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும். துணி கிழிக்கச் சொன்னா கோணலாக் கிழிப்பான். இதை மட்டும் நேராக் கிழிச்சிருக்கான்."

அவள் மாடிக்குப் போய்த் தூக்கை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். "ஒங்க பணம்ணே. சரியா இருக்கு."

பொன்ராஜ் எட்டிப் பார்த்தார். நனைந்த நோட்டும், மஞ்சள் கறை பட்ட நோட்டும், சில்லறையுமாக இருந்தது. அவர் மூடியை எடுத்து அழுத்தி மூடினார்.

"கோடிப் பணத்த எந்தத் தங்கச்சியாவது திருப்பித் தருவாளா?"

"அது படிப்புக்குத் தந்ததுன்னு மதினி..."

"படிப்புக்கும் இல்ல, பரிசத்துக்கும் இல்ல." அவர் தூக்கை அவள் பக்கம் தள்ளினார். "எங்க மச்சான் செத்துப்போனாரு. எந் தங்கச்சிக்கு நான் கோடி போட்டேன். அவ்வளவுதான். எடுத்து உள்ள வையிட்டி."

அவர் போன பிறகு அவள் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. கொத்தமல்லிக் கூடைக்காரி கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் வெயிலில் நின்றாள்.

பதிமூணாம் நாள் சாப்பாடு முடிந்த மறுநாள் மந்தைவெளியிலிருந்து பாத்திரங்கள் வந்தன. கூட ஸ்ரீரங்கனும் வந்தார். வாடகையைக் கொடுத்துவிட்டு, "அந்த மாமி ரெண்டு தரம் ரசம் போட்டுண்டா" என்றார். "நன்னா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை. புளி ஜாஸ்தின்னா. அவரைப் போலவே சொல்றேன்னுட்டு அழுதா."

தூக்கில் இருந்த பணத்தில் முத்துலட்சுமி பொங்கலுக்கு முன்பே ஃபீஸ் கட்டினாள். அடுத்த வருஷங்களும் அப்படியே போயின. கல்யாண வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் ஒரே பாத்திரத்தை அனுப்புகிற கடை என்று முதலில் சிலர் வராமல் நின்றார்கள். ஈயம் பளபளவென்று இருக்கிறது என்று ஸ்ரீரங்கன் ஊரெல்லாம் சொன்னதில் அவர்களும் வந்தார்கள். முத்துலட்சுமி எலும்பு செட்டை வாங்கின விலைக்கே ஒரு ஜூனியர் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அண்ணாச்சி போன அன்று வீடு என்னவோ போல் இருந்தது. ஒரு வருஷம் ஒரு தாள் தவறிப்போய், மறுபடி பணம் கட்டி எழுதினாள். அந்த மழைக்காலம் மட்டும் கஷ்டப்பட்டார்கள். யாரிடமும் கை நீட்டவில்லை.

இசக்கிமுத்துவுக்குச் சாத்தான்குளத்தில் பெண் எடுத்தார்கள். அவன் கல்யாணத்துக்குத் தங்கபுஷ்பம் போகவில்லை. முத்துலட்சுமி போனாள். மணமேடையில் அவளைப் பார்த்து, "அண்ணாச்சி சௌக்கியமா?" என்று கேட்டானாம்.

"அவரை வித்தாச்சு, அத்தான்."

"பாவம், நம்ம கல்யாணத்தைப் பாக்கக் குடுத்துவைக்கல" என்று அவன் சொல்ல, புதுப்பெண் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாளாம்.

முத்துலட்சுமி டாக்டரானாள். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி. சாயங்காலம் மாடியில் முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. தெருவில் பூ விற்கிறவர்களும் கடைப் பையன்களும் ஸ்டேஷன் கூலிகளும் வருவார்கள். அத்தை பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை. வேறு எந்த டாக்டரிடமும் அவள் போவதில்லை. வாராவாரம் ரிக்‌ஷாவில் வந்து, மூச்சு வாங்கப் படி ஏறி, முத்துலட்சுமியிடம் கையை நீட்டுவாள். நாடி பார்க்கிற நேரம் முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம், "எங்க வீட்டுக்காரரு தங்கச்சி மவ. அவுக அப்பன் இல்லாமலே படிச்சா" என்று சொல்லுவாள். மாத்திரையைக் கையில் வாங்கியதும் காலடியிலிருந்து துணிப்பையை எடுத்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பைத் திறப்பாள். இன்றைக்கும் அந்த வீட்டில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.